காலிக் கலன்

தண்ணீர் ஏற்றும் பம்பை இன்னும் மாட்டவே இல்லை. அந்தப் பெரிய இரும்புக் கலனுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் இரும்பு எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் ஏழாம் எண் கேஜ் நாற்பது என்று காட்டியது.

வயர்க் கோளாறாக இருக்கும் என்று அவள் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டறையில் ஈ காக்கை இல்லை. எண்ணெயும் கருகிய இரும்பும் கலந்த வாடை மட்டும் தகரக் கூரையின் வெக்கையில் தேங்கி நின்றது. அந்தக் கலனின் இரண்டு முனைகளிலும் கிண்ணம் கவிழ்த்தாற்போல இருக்கும் மூடிகளுக்குக் கணக்குப் போட்டு, கனம் முடிவு செய்து, கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கிண்ணம் உருளையோடு சேரும் வளைவில்தான் இரும்பு அதிகம் திணறும். அதனால் கேஜ்களையெல்லாம் அங்கேயே வளையமாக ஒட்டவைத்திருந்தாள். மறுநாள் காலை தண்ணீர் ஏற்றிச் சோதனை.

உட்புறத்தில் கடைசிப் பற்றவைப்பு அவள் கணவனுடைய வேலை. விடியற்காலையிலேயே வந்தவன், "சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடறேன்" என்று சொல்லியிருந்தான். வரவில்லை. அவள் பட்டறைக்கு வந்து பார்த்தால் கலனுக்குள் ஆள் நுழையும் வாயில் மூடியிருந்தது, பதினாறு நட்டுகளும் இறுகக் கிடந்தன. வேலையை முடித்துவிட்டு வேறெங்கோ போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழு மறுபடி நாற்பதுக்கு ஏறியது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. எட்டு, ஒன்பது, பத்து என்று வளையம் முழுவதும் அதே ஏற்றம், அதே இறக்கம், தூங்குகிறவன் நெஞ்சு போல. பன்னிரண்டு மில்லிமீட்டர் இரும்பை இந்த அளவுக்கு விரிக்க உள்ளேயிருந்து நூறு பேர் தள்ளினாலும் முடியாது. அந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

கணவனுக்குப் போன் போட்டாள்.

மணி கலனுக்குள் அடித்தது.

அவ்வளவு கனத்த இரும்பைத் தாண்டி சிக்னல் போகாது. அடித்தது. நின்றது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டல். இன்னொன்று.

"வாலு."

வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத செல்லப்பெயர். அவன் குரலேதான், தொண்டை வறண்டு.

"தொறந்து விடு. மூச்சு முட்டுது."

"ஏங்க, இருங்க, இதோ, ஒரு நிமிஷம்."

ஸ்பானர் வழுக்கியது. விரல் முட்டி கிழிந்தது. கணக்கு வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை. ஒரு நட்டு. நாலு. ஒன்பது. உள்ளே நகம் கீறும் சத்தம். பதினைந்து. ஒன்றுதான் பாக்கி.

"என்ன பண்ற?"

பின்னால் அவள் கணவன் நின்றான். காலையில் போட்டுப் போன அதே சட்டை, கையில் சாவிக்கொத்து. அவனைத் தொட்டுப் பார்த்தாள். தோள் இருந்தது. சூடு இருந்தது.

"உள்ள உங்க குரல் கேக்குது."

"தெரியும்" என்றான். "காலையிலேருந்து கத்துது. அதனாலதான் மூடினேன்."

"போன் எங்க?"

அவன் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டான்.

வாயிலின் மூடி அசைந்தது. மிச்சமிருந்த ஒற்றை நட்டுக்கு எதிர்ப்பக்கம் விரல்கடை அளவுக்கு விலகியது. அந்த இடுக்கு வழியாக நாலு விரல்கள் வெளியே வந்து விளிம்பைப் பற்றின. இரும்புத்தூள் அப்பிய விரல்கள். நகங்கள் பெயர்ந்திருந்தன. மோதிர விரலில் அவள் போட்டுவிட்ட கல்யாண மோதிரம்.

அவள் திரும்பிப் பக்கத்தில் நின்றவனின் கையைப் பார்த்தாள். மோதிரம் இல்லை. எட்டு வருஷமாகப் போட்டிருந்த தடம்கூட இல்லை. வழுவழுவென்றிருந்தது.

அவன் அவசரமே இல்லாமல் அவள் பிடியிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டான். தோளால் மூடியை அழுத்தினான். உள்ளே அலறல் எழுந்தது. விரல்கள் விளிம்பை விடவில்லை.

அவன் முதல் நட்டை எடுத்து மாட்டி, இறுக்கத் தொடங்கினான்.