தேர்ச்சி நான்கு, வளர்ச்சி தொண்ணூற்றிரண்டு

குலோத்துங்கன் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலையைக் கடலுக்குள் துரத்துவதாக நினைத்துக்கொண்டு, நிலையத்தின் கூரைமேலேயே கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு மணி நேரத்தில் பதினேழு சென்டிமீட்டர் மழை. சாப்பாட்டு அறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அதில் மிதந்துபோன தன் செருப்பைப் பிடிக்கக் குனிந்த ஜெசிந்தாவிடம் நிலைய அதிகாரி சவுரிராஜன் பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாத்தீங்களா, இவருக்கு வளர எவ்வளவு இடம் இருக்கு."

ஜெசிந்தா பதினோரு வருடமாகப் புயலோட்டி. வங்கக் கடலில் கிளம்பும் புயல்களை ஊருக்குள் விடாமல் திசைதிருப்புவது கோடியக்கரைப் புயல்விலக்கு நிலையத்தின் வேலை. மேகத்தும்பிகள் என்று நாலாயிரம் சிறு பறக்கும் இயந்திரங்கள் அங்கே உண்டு. அவை புயலுக்குக் கீழே கடல்நீரைக் குளிர்வித்தும் பக்கத்துக் காற்றைக் கலைத்தும் அதன் காலை வாரிவிடும். நான்கு இருக்கைகளில் நான்கு பேர் உட்கார்ந்து உள்ளங்கை அசைவால் அவற்றை ஓட்டவேண்டும். முதல் இருக்கை ஜெசிந்தாவுடையது. அதன்மேல் தனக்கிருந்த ஆசையை அவள் மறைத்ததே இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தபோதுகூட, மாப்பிள்ளை யார் என்று கேட்காமல், முதல் இருக்கையை விடச் சொல்வார்களா என்றுதான் கேட்டாள்.

அந்த இருக்கைக்கு வினை வளர்மானி வடிவத்தில் வந்தது. அதன்மேல் கையை வைத்தால் இரண்டு எண் காட்டும். இன்று உனக்கு எவ்வளவு தெரியும் என்பது தேர்ச்சி. இனிமேல் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது வளர்ச்சி. கருவி பொய் சொல்லாது, அதுதான் தொல்லை. வந்த இரண்டே வருடத்தில் தேர்ச்சியை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. அது முடிந்த கதை, வளர்ச்சிதான் வரப்போகிற காலம் என்றார்கள். கைராசிக்காரப் பல் மருத்துவரைத் தட்டிக்கழித்துவிட்டு, பல்லைப் பார்த்தாலே மயங்கி விழும், ஆனால் வளர்ச்சி எண்பத்தெட்டு உள்ள பையனுக்குப் பெண் கொடுத்தார்கள். ஓட்டல்களில் வளர்ச்சி மிகுந்த சமையற்காரர் தீய்த்த தோசையை ஜனங்கள் எதிர்காலத்தை நினைத்துக்கொண்டே விழுங்கினார்கள்.

நிலையத்துக்கும் விதி வந்தது. பெரும்புயல் வரும் நாளில் வளர்ச்சி மிகுந்த நால்வருக்கே இருக்கை. அதுவரை நிலையத்தில் இருந்ததே நால்வர்தான் என்பதால் ஜெசிந்தாவின் தேர்ச்சி தொண்ணூற்றுமூன்று, வளர்ச்சி நால்வரிலும் குறைவாக இரண்டு என்பது யாரையும் உறுத்தவில்லை. ஐப்பசிக் கடைசியில், புயல் காலம் பாதி போனபிறகு, ஐந்தாவது ஆளாகக் குலோத்துங்கன் வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தொன்று. மன்னார்குடியில் இருபத்தாறு வருடம் கல்யாண மண்டப மேலாளர். தேர்ச்சி நான்கு, வளர்ச்சி தொண்ணூற்றிரண்டு. அவரைப் பழக்கும் பொறுப்பை ஜெசிந்தா தலையில் கட்டினார் சவுரிராஜன். தன் இருக்கையில் உட்காரப்போகிறவருக்குத் தானே பாடம் எடுக்கவேண்டும் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பழக்குகிற முறையும் வேடிக்கையானது. ஒரு புயலோட்டியின் கை கற்பது கடைசித் தள்ளில்தான். முதல் ஐந்தாறு மணி நேரம் சும்மா உழைப்பு, புயலைக் களைக்கவைப்பது. அது தள்ளாடும் நேரத்தில் எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுக்கும் அந்தக் கால்மணி நேரத்தில்தான் தேர்ச்சி ஏறும். ஆகவே ஜெசிந்தாவும் மற்ற மூவரும் விடியலிலிருந்து ஒவ்வொரு தாழ்வு நிலையையும் அடித்துத் துவைத்து, மூச்சு வாங்கும் நிலையில் வைப்பார்கள். பிறகு ஜெசிந்தா எழுந்துகொள்வாள். குலோத்துங்கன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்து ஒரு தள்ளு தள்ளுவார்.

தள்ளத் தாழ்வு நிலை கிடைக்காத வாரமும் வந்தது. அதற்காக இலங்கைக்குக் கிழக்கே ஒரு குட்டித் தாழ்வு நிலையைக் கலைக்காமலும் வலுக்கவிடாமலும் பத்து நாள் அவருக்கென்று எடுத்துவைத்தார்கள். கடலுக்குப் போக முடியாத மீனவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜெசிந்தாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, நீங்க புயல வெரட்டுறீங்களா, வளக்குறீங்களா?"

குலோத்துங்கனுக்கு விஷயம் பிடிபட்டது பதினெட்டாம் நாள். அதுவரை எதிரே நின்று முட்டிக்கொண்டிருந்தவர் அன்று கையைத் தளர்த்தினார்.

"மேடம், இது சம்பந்தி வீட்டுக் கோவம் மாதிரிதான். எதுத்து நின்னா இன்னும் ஏறும். கூடவே நடக்கணும். 'ஆமாங்க, நியாயம்தாங்க'ன்னுட்டே நடந்து, அவங்களே தெரியாம பக்கத்துப் பந்தில உக்கார வச்சிடணும்."

தாழ்வு நிலை அவர் கையோடு நடந்துபோய் ஆழ்கடலில் அடங்கிற்று. அப்படி ஒரு லாகவத்தை ஜெசிந்தா பார்த்ததில்லை. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. அவர் தேர்ச்சி முப்பது ஆயிற்று, ஐம்பத்தாறு ஆயிற்று, எண்பதைத் தாண்டிற்று. நாற்பது நாளாகத் தன் கை ஒரு கடைசித் தள்ளுகூடக் காணவில்லை என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

மார்கழி முதல் வாரத்தில் பெரும்புயல் கிளம்பியது. காற்று மணிக்கு இருநூறு கிலோமீட்டர், நேராக வேதாரண்யத்தைப் பார்த்து. அன்று காலை எட்டு மணிக்குச் சவுரிராஜன் ஐந்து பேரையும் வளர்மானியில் கைவைக்கச் சொன்னார். முடிவைக் கேட்கும் முன்பே ஜெசிந்தா தன் தண்ணீர்க் குப்பியை முதல் இருக்கையிலிருந்து எடுத்துவிட்டாள்.

குலோத்துங்கன்: தேர்ச்சி தொண்ணூற்றைந்து, வளர்ச்சி ஒன்று. வளரவேண்டியதையெல்லாம் மனிதர் வளர்ந்து முடித்திருந்தார். ஜெசிந்தா: தேர்ச்சி அறுபத்தொன்று, வளர்ச்சி முப்பத்துநான்கு. நாற்பது நாளில் துருப்பிடித்த கைக்கு மறுபடி ஏற இடம் கிடைத்திருந்தது. மற்ற மூவரின் வளர்ச்சியும் ஒன்றுக்கு மேல்தான். விதிப்படி குலோத்துங்கன் வெளியே, ஜெசிந்தா உள்ளே.

"நம்ம நிலையத்துல இவ்வளவு வளர்ச்சி உள்ள குழு அமைஞ்சதே இல்ல" என்றார் சவுரிராஜன்.

ஜெசிந்தாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இருக்கை போகவில்லை. கையை வைத்த பிறகுதான் பயம் வந்தது. தும்பிகள் அவள் நினைத்த இடத்துக்கு அரைநொடி தாமதமாகப் போயின. பதினோரு மணிக்குப் புயல் நூற்று நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவள் முட்ட முட்ட அதற்குச் சினம் ஏறியது. கரையில் மூன்று லட்சம் பேர் தன்னை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் அவள் விரல்கள் விறைத்துப்போயின.

இருக்கை இல்லாதவர் ஓட்டு அறைக்குள் வரக்கூடாது என்று விதி. தேநீர் கொண்டுவருவதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. குலோத்துங்கன் தட்டோடு வந்து அவள் பின்னால் நின்றார். நாற்பது நாளும் மேடம் என்று கூப்பிட்டவர் அன்று மறந்துபோனார்.

"தங்கச்சி, எதுக்க நிக்காத. கூட நட."

"அண்ணே, கை கேக்க மாட்டேங்குது."

"கேக்கும். கோச்சுக்கிட்டு வர்ற பெரிய மனுசன்தான் அது. மொதல்ல ஆமான்னு சொல்லு."

ஜெசிந்தா கையைத் தளர்த்தினாள். புயலின் பக்கமாகத் தும்பிகளை ஒட்டிப் பறக்கவிட்டாள். அது வடக்கே ஒரு இம்மி சாய்ந்தபோது தானும் சாய்ந்தாள். மூன்று மணி நேரம் அதனோடு நடந்தாள். கடைசித் தள்ளை அவளே தள்ளினாள். புயல் வடகிழக்கே திரும்பி, நடுக்கடலில் மழையாகக் கொட்டித் தீர்ந்தது. வேதாரண்யத்தில் தூறல் மட்டும் விழுந்தது. பின்னால் ஆறிப்போன தேநீரோடு நின்ற குலோத்துங்கன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா அழுதாள், வெட்கப்படவில்லை.

மறுநாள் சவுரிராஜன் துக்கம் விசாரிப்பவர்போல வந்தார். அத்தனை பெரிய புயலின் கடைசித் தள்ளு அவள் கையைத் தூக்கிவிட்டிருந்தது. தேர்ச்சி தொண்ணூற்றுநான்கு, வளர்ச்சி ஒன்று. இப்போது அவளும் குலோத்துங்கனும் சேர்ந்து பட்டியலின் அடியில்; இருவருக்கும் ஒரே எண் என்பதால் விதி இருவரையுமே தள்ளிவைத்தது. நாலாவதாக ஒரு ஆள் வேண்டும். புதிதாக வருகிறவர் எப்படிக் கைவைக்கவேண்டும் என்று காட்டச் சவுரிராஜன் தன் கையைக் கருவியில் வைத்தார். பதினாறு வருடமாக ஒரு தும்பியையும் தொட்டறியாத கை அது. தேர்ச்சி சுழி. வளர்ச்சி தொண்ணூற்றெட்டு.

விதிப்படி, ஜெசிந்தா விட்ட முதல் இருக்கை அவருக்கே போயிற்று.

பத்தாம் நாள் அடுத்த புயல் கிளம்பிய செய்தியோடு, முதல் இருக்கையில் வளர்ச்சி தொண்ணூற்றெட்டு உள்ளவர் அமர்கிறார் என்றும் வானொலியில் சொன்னார்கள். வேதாரண்யம் கடைத்தெரு கைதட்டியது. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டியது. மத்தியானத்துக்குள் பேருந்து நிலையத்தில் கால்வைக்க இடமில்லை. ஜெசிந்தாவும் குலோத்துங்கனும் ஒரு மூலையில் இடம் பிடித்து நின்றார்கள். மிக்சியை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மாள் பேச்சுக்கொடுத்தாள். இவர்கள் புயலோட்டிகளாக இருந்தவர்கள் என்று தெரிந்ததும், இருவரின் வளர்ச்சி எவ்வளவு என்று விசாரித்தாள்.

"ஒண்ணுதாங்க" என்றாள் ஜெசிந்தா.

"ஐயோ பாவம், ரெண்டு பேருக்குமா" என்று மனமார வருந்திவிட்டு, அந்த அம்மாள் மிக்சியோடு திருச்சிப் பேருந்தில் முண்டியடித்து ஏறினாள்.