பலகைக்குப் பின்னால் கடுகு

விழாவில் பேசப் போகிறவள் ரேடியோதான் என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே கைதட்டியது. கடுகு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

ஊரின் கிரிக்கெட் மைதானத்துக்கு நூறு வயது ஆகிறது. விழா ஆட்டம் தொடங்கும் முன்பு, மைதானத்தின் கதையை ஒரு மாணவி மைக்கில் சொல்ல வேண்டும். ரேடியோ என்று செல்லப்பெயர் வாங்கியவள் நாள் முழுக்கப் பேசினாலும் நிறுத்தி நிதானமாகப் பேசுவாள். கடுகு பேசினால் படபடவென்று பொரியும். ஒத்திகையில் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் நூறு வருடக் கதையையும் முடித்துவிட்டாள்.

ஆனால் ரேடியோவுக்கு அந்தக் கதையெல்லாம் எங்கிருந்து கிடைத்தது? கடுகிடமிருந்துதான். கடுகின் அம்மா அந்த மைதானத்தின் பழைய ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொள்பவர். தகடுகளில் எண்களை எழுதுவதும், பலகைக்குப் பின்னால் நின்று கொக்கியில் மாட்டுவதும் அவர் வேலை. கடுகு நடை பழகியதே அங்கேதான். கதை இவளுடையது, கைதட்டல் அவளுக்கா? நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

வீட்டில் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"நீ என்கூட பலகைக்குப் பின்னாடி நில்லு," என்றார் அம்மா. "அவ முதல் ஆட்டத்தோட ஸ்கோரைச் சொன்னதும் நீதான் நம்பரை மாட்டணும்."

"பின்னாடி நின்னா என்னை யாரும்மா பார்ப்பாங்க?"

"என்னை மட்டும் யார் பார்க்கிறாங்களாம்," என்று சொல்லிவிட்டு அம்மா கையில் ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கினார்.

அந்த முதல் ஆட்டம்தான் ரேடியோவுக்கு ரொம்பப் பிடித்த கதை. அப்போது அது வெறும் செங்கல் சூளைத் திடல். ஊர் அணி தட்டுத்தடுமாறி 41 ரன் எடுத்தது. பின்னால் நிற்பவருக்கு இடது வலது மாறிவிடும் அல்லவா? தகடு மாட்டியவர் பதற்றத்தில் 14 என்று மாட்டிவிட்டார். எதிரணி பதினைந்து ரன் எடுத்ததும் ஜெயித்துவிட்டோம் என்று மூட்டை கட்டிவிட்டது. நடுவர் பின்னாலேயே ஓடிப் போய்க் கூட்டி வந்தார். வந்தவர்களுக்கு ஆட்டத்தில் மனசே இல்லை, மளமளவென்று அவுட் ஆனார்கள். ஊருக்கு அதுதான் முதல் வெற்றி. அந்தச் சந்தோஷத்தில் ஆளுக்கு நாலு செங்கல் எடுத்து அடுக்கித்தான் முதல் கேலரியே எழுந்தது. இதைக் கேட்டு ரேடியோ சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவிழ்க்கும் அளவுக்குச் சிரித்திருக்கிறாள்.

விழா நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. கடுகு அம்மாவோடு ஏணியேறி, பலகைக்குப் பின்னால் இருந்த பரணில் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தாள். ரேடியோ புது ஷூவும் பளபளக்கும் ரிப்பனுமாக நடந்து வந்தாள். அவளுக்கு ஒரு விக்கலாவது வரட்டும் என்று கடுகு மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றாள் ரேடியோ. அவ்வளவுதான், அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

கடுகுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும்! கூட்டம் முணுமுணுத்தது. யாரோ விசில் அடித்தார்கள். ரேடியோ பாவாடை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். வகுப்பில் வாயே ஓயாத அவள் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. கடுகின் குளுகுளுப்பு எங்கேயோ போய்விட்டது. இப்படியே விட்டால் அழுதுவிடுவாள்.

கடுகு சட்டென்று இரண்டு தகடுகளை எடுத்து மாட்டினாள். வெளியே பலகையில் 14 தெரிந்தது.

"மாத்தி மாட்டிட்டியேடி," என்று அம்மா பதறினார்.

"தெரிஞ்சுதாம்மா மாட்டினேன்."

ஆட்டம் தொடங்கும் முன்பே 14 ரன்னா என்று கூட்டம் பலகையைக் காட்டிச் சிரித்தது. ரேடியோ திரும்பிப் பார்த்தாள். முதலில் விழித்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தாள்.

"இது தப்பு. ஆனா நூறு வருஷம் முன்னாடி இதே தப்பைப் பண்ணினதாலதான் நாம ஜெயிச்சோம்."

அப்புறம் அவளை யார் நிறுத்த முடியும்? சூளைத் திடல், ஓடிப் போன எதிரணி, ஆளுக்கு நாலு செங்கல், வெள்ளம் வந்தபோது ஊரே கேலரியில் தங்கியது என்று ஒன்றையும் விடவில்லை. சரியான ஸ்கோரை அவள் சொன்னதும் கடுகு 41ஐ மாட்டினாள். கைதட்டலில் பலகையே அதிர்ந்தது. கடுகுக்கு மறுபடியும் லேசாக வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், எரியத்தான் செய்தது.

கொஞ்ச நேரத்தில் ஏணிப்படியில் தடதடவென்று சத்தம். ரேடியோ மூச்சிரைக்க மேலே வந்து நின்றாள்.

"நீ மட்டும் அதை மாட்டலைன்னா நான் அங்கேயே அழுதிருப்பேன்," என்றவள், இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள். கேலரி, பிட்ச், எல்லைக்கோடு, எல்லாம் காலடியில் விரித்துப் போட்டது போல் தெரிந்தன. "தினமும் இங்கேருந்துதான் பார்ப்பியா?"

"ஆமா."

"எனக்கு உன்மேல பொறாமையா இருக்குடி."

அதைவிட இனிப்பான வார்த்தையைக் கடுகு அதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, ரேடியோவுக்கும் இடம் கொடுத்தாள்.