சோபாவில் நாலாவது ஆள்

சமையலறையில் நின்றபடி அவள், "யாருக்கு டீ வேணும்?" என்று கேட்டபோது முன்னறையிலிருந்து "எனக்கு" என்று நான்கு குரல்கள் வந்தன. முன்னறையில் இருந்தது மூன்று பேர்.

கணவனின் "எனக்கு" பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். பெரியவனுடையது எரிச்சலோடு வரும். பத்து வயதுச் சின்னவளுடையது மெல்லியது. நான்காவது குரல், இவை மூன்றும் அடங்கி ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, வெகுநாள் வாயைத் திறக்காமலிருந்த ஒருவர் பேச வருகிறதா என்று சோதித்துப் பார்ப்பது போன்ற கரகரத்த குரல். வேறு யாராவதாக இருந்தால் ஏதோ காதில் விழுந்தது என்று விட்டிருப்பார்கள். அவளால் அப்படி விட முடியாது. மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பதுதான் அவள் வேலை. பதினான்கு வருடங்களாக ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, யாருக்கு எதுவரை கேட்கிறது என்று குறித்துக்கொண்டிருப்பவள்.

அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். நீள சோபாவில் மூன்று தலைகள். மூன்றும் கவிழ்ந்திருந்தன. மூன்று முகவாய்களிலும் போன் வெளிச்சம் நீலமாகப் படிந்திருந்தது. சின்னவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"இப்ப கடைசியா எனக்குன்னு சொன்னது யாரு?"

யாரும் நிமிரவில்லை.

"சர்க்கரை கம்மியா," என்றான் கணவன்.

அவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வருவதில்லை. கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. இப்போது வருவது இளக்காரம் மட்டும்தான். தொட்டி மீன்கூட ஆள் வந்தால் கண்ணாடியோரம் வந்து பார்க்கும். இந்த மூன்றும் அதைவிடக் கேவலம் என்று நினைத்துக்கொள்வாள். வேலையிடத்திலும் அதே கூத்துதான். அன்று காலையில்கூட ஒருவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டே, "ஒண்ணுமே கேக்கல மேடம்," என்றார். "ஹெட்போனை மாட்டுங்க சார் மொதல்ல," என்று இவள் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. சோதித்துப் பார்த்தால் காதில் ஒரு குறையும் இல்லை. மனைவி பேசுவது கேட்கவில்லை என்று வந்திருந்தார்.

தட்டில் நான்கு டம்ளர்களை வைத்துக் கொண்டுவந்தாள். மூன்று அவர்களுக்கு, ஒன்று தனக்கு. முன்னறை மேசையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போய், பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள். நான்கும் காலியாக இருந்தன. அவளுடைய டம்ளரின் விளிம்பில், உதடு பட்ட இடத்தில், சாம்பல் நிறத்தில் ஓர் ஈரக் கோடு.

"என் டீயை யாரு குடிச்சது?"

"நான் இல்ல," என்றான் பெரியவன். அவனுக்கு அந்த ஒரு பதில் எல்லாக் கேள்விக்கும் செல்லும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் வீட்டை மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஜன்னலோர மெத்தையில் ஒரு வாடை தங்கியிருந்தது. மழையில் நனைந்த துணியைப் பிழியாமல் மூட்டை கட்டி மாதக்கணக்கில் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. அதோடு ரொம்ப நேரம் சொருகிக் கிடந்த சார்ஜரின் சூட்டு வாடையும் கலந்திருந்தது. கையை வைத்தால் மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோனது போல.

ஒரு சாயங்காலம் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு மூச்சுகளை எண்ணினாள். சளி பிடித்த மூக்கால் இழுத்து விடுவது கணவன். வாயைப் பிளந்துகொண்டு விடுவது பெரியவன். சின்னச் சின்னதாக, இடையில் ஒரு பெருமூச்சோடு வருவது சின்னவள். அதற்கும் அடியில், சின்னவளின் மூச்சை ஒட்டியே, அது ஏறும்போது ஏறி இறங்கும்போது இறங்கிக்கொண்டு, இன்னொன்று இருந்தது. இன்னும் நன்றாகக் கேட்பதற்காக அவள் தன் மூச்சை அடக்கினாள்.

அதுவும் அடக்கியது.

அன்று ராத்திரி கணவனிடம் சொன்னாள். அவன் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டரைப் பாரு," என்றான். "உங்க ஆஸ்பத்திரியிலதான் நெறைய பேர் இருக்காங்களே." இருபது வருடக் கல்யாணத்துக்கு இந்தப் பதில்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவள் மாடிப்படி ஏறும்போது மின்சாரம் போனது. கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி மூன்றாவது மாடிக்கு வந்து சாவியைத் திருப்பினாள். முன்னறை இருட்டாக இருந்தது. சோபாவில் நான்கு முகங்கள் நீலமாக மிதந்துகொண்டிருந்தன.

கணவன். பெரியவன். சின்னவள். ஜன்னலோரத்தில் இன்னொன்று.

அதன் தலையும் மற்றவர்களைப் போலவே கவிழ்ந்திருந்தது. முடி முன்னால் விழுந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. இடது கையை விரித்து மடியில் வைத்திருந்தது. வலது கைப் பெருவிரல் அந்தக் கையின் மேலே போய்வந்து, போய்வந்து கொண்டிருந்தது. கையில் போன் இல்லை. ஒன்றுமே இல்லை. இருந்தும் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

வாசலிலேயே நின்றபடி கேட்டாள்.

"அது யாரு?"

"எது?" என்றாள் சின்னவள், நிமிராமல்.

"உன் பக்கத்துல. உக்காந்திருக்கறது."

"அண்ணாவோட ஃப்ரெண்டு இல்ல?"

"என் ஃப்ரெண்டா?" என்றான் பெரியவன், அவனும் நிமிராமல். "அப்பாவைப் பாக்க வந்தவங்கன்னு நெனச்சேன்."

"என்னையா?" கணவனின் விரல் நிற்கவில்லை. "உன் ஆஸ்பத்திரி ஆளுன்னுல்ல நெனச்சேன் நான்."

"எத்தனை நாளா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "எத்தனை நாளா இங்க உக்காந்திருக்கு?"

"கொஞ்ச நாளா," என்றான் கணவன். "நல்ல டைப்புதான். தொந்தரவு இல்ல."

மின்சாரம் வந்தது. ஜன்னலோரம் காலி. மெத்தையில் ஓர் ஆள் அளவு ஈரம்.

அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. மூன்று பேர் கையிலிருந்தும் போன்களைப் பிடுங்கினாள். படுக்கையறை பீரோவில் வைத்துப் பூட்டினாள். கத்தினாள். கணவனும் பெரியவனும் அவள் கத்தலை நிறுத்துவதற்காகவே எழுந்து, கட்டிலுக்கு அடியிலும் குளியலறையிலும் கடனுக்கென்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்கள். "யாரும் இல்ல, போதுமா?" பிறகு திரும்பவும் அதே சோபாவில் வந்து விழுந்தார்கள். பார்க்க ஒன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்தார்கள். கணவனின் பெருவிரல் தொடையின் மேல் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. குடித்துப் பழகியவனின் கைநடுக்கம் போல.

"ஆபீஸ்ல ஒரு மெசேஜ் பாக்கணும்," என்றான். ஐந்து நிமிடம் கழித்து, "ஒரே ஒரு மெசேஜ்."

"வீட்டுக்குள்ள ஒண்ணு வந்து உக்காந்திருக்குங்க. உங்க பொண்ணு பக்கத்துல."

"அதான் போயிடுச்சே."

அவள் அவனையே பார்த்தாள். அவனுக்காகப் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. போய்ப் பீரோவைத் திறந்து போன்களை அவர்கள் மேல் வீசாத குறையாகக் கொண்டுவந்து போட்டாள். "எடுத்துத் தொலைங்க." அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு தலைகள் கவிழ்ந்தன.

சின்னவள் மட்டும் எடுக்கவில்லை. அம்மா சோபாவில் ஜன்னலுக்கு எதிர் ஓரத்தில் போய் உட்கார்ந்ததும், ஒட்டி வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கை, சூடாக இருந்தது. அவள் அதைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் ஒன்றாவது பிழைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"அம்மா, அவங்க எங்கிட்டப் பேசுவாங்க."

"யாருடா?"

"பக்கத்துல உக்காருவாங்களே, அவங்க. ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, யாரு அடிச்சாங்க, ஏன் அழுதே, எல்லாம் கேப்பாங்க. நான் எவ்ளோ பேசினாலும் கேட்டுட்டே இருப்பாங்க."

"உன்னை யாரு அடிச்சா?"

"அது போன மாசம்மா. உங்ககிட்டச் சொன்னேனே."

மழை ஜன்னலில் அறைந்தது. சின்னவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இப்போ அவங்க எடத்துக்கு என்னைப் போகச் சொல்றாங்க. அவங்க இங்க இருந்துக்கறாங்களாம். உங்கம்மா சரின்னு சொன்னா போதும்னாங்க. எனக்குப் பயமா இருக்கும்மா."

"யாரு சொன்னாலும் நீ எங்கயும் போக வேணாம்..." என்று அவள் ஆரம்பித்தபோது இடுப்புப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. அவளுடையது. அதை அவள் பீரோவில் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளுடையது வேலைக்கானது அல்லவா.

"ஒரு நிமிஷம்டா கண்ணா."

வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். போன ஞாயிறும் அவள்தான் போனாள். அதைத் தட்டச்சு செய்தாள். அழித்தாள். இன்னும் காரமாகத் தட்டச்சு செய்தாள். கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டாள். என்ன திமிர். அதற்குக் கீழே யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு பெண் தன் வீட்டு அலமாரியை அடுக்கிக் காட்டுகிறாள். அடுத்தது. ஒரு நாய். அடுத்தது.

"அம்மா."

அடுத்தது.

"அம்மா, நான் வேணாம்னு சொல்லிடவா?"

அடுத்தது.

"அம்மா... போகட்டுமா?"

"ம். சரி."

தன் குரல் தன் காதில் விழ ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது.

நிமிர்ந்தாள்.

சின்னவள் பக்கத்தில்தான் இருந்தாள். அதே பின்னல். அதே மஞ்சள் சட்டை. முழங்காலில் அதே பழைய தழும்பு. தலை கவிழ்ந்திருந்தது. கை இவள் கைக்குள்ளேயே இருந்தது.

கை ஈரமாக இருந்தது.

வாடை.

"என்னங்க." குரல் எழும்பவில்லை. "என்னங்க, இவளைப் பாருங்க. இவளைக் கொஞ்சம் பாருங்களேன்."

"பாத்தேன், பாத்தேன்," என்றான் கணவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜன்னலோர மெத்தை லேசாக அமுங்கியது. அங்கே யாரும் இல்லை. அங்கிருந்து ஒரு மூச்சு வந்தது. சின்னச் சின்னதாக. இடையில் ஒரு விம்மல். பதினான்கு வருடம் பழகிய காது அது, தவறாது.

பக்கத்திலிருந்தது தலையை நிமிர்த்தியது. நிதானமாக, அவள் பக்கம் முழுதாகத் திரும்பியது. மகளின் முகம். அந்தக் கண்கள் அவள் கண்களை நேராகப் பார்த்தன. அந்த வீட்டில் யாரும் அவளை அப்படிப் பார்த்து வருடக்கணக்காகிறது.

"இன்னிக்கு உனக்கு வேலையெல்லாம் எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டது, கரகரத்த குரலில்.

அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தது. கண் இமைக்கவில்லை.