பதினோராம் பக்கத்துத் திருத்தம்

அந்த ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. நாமக்கல் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்த கந்தவேல், கண்ணில் பட்ட அச்சகத்தின் வாசலில் ஒதுங்கினான்.

"ஏனுங்க, நனஞ்சுட்டே நிக்கறீங்க... உள்ள வாங்க."

கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். பெயர் வசந்தாமணி. மை தீட்டாத பெரிய கண்கள்... தூக்கம் கெட்ட கண்கள். பார்வையை எடுக்க நினைத்தான், முடியவில்லை. மேஜைமேல் கிடந்த புத்தகம்தான் பார்வையைத் திருப்பியது. அவன் எழுதிய புத்தகம்!

தமிழில் அச்சுக்கோக்க சேலத்துக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் ஒரு புரோகிராம் எழுதி, காசு வாங்காமல் ஊரூராகக் கொடுத்துவந்தார்கள். யாரும் நகலெடுக்கலாம், யாரும் திருத்தலாம். அதற்கு வழிகாட்டி எழுதியவன், அங்கே ஆய்வகத்தில் வேலை பார்த்த கந்தவேல். அதில் ஒரு எழுத்தைக் குறை சொன்னாலும் பொறுக்கமாட்டான். இங்கேயோ ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல்.

"புஸ்தகத்த இப்படியாங்க பாழாக்கறது?"

"நானா பாழாக்கறேன்? இத எழுதுன மகராசன் ஒரு நாளாச்சும் நாமக்கல் கரண்டுல வேல செஞ்சிருப்பாருங்களா? பக்கம் பூரா முடிச்சுப்போட்டு, கடைசியில சேமிக்கோணுமாமா. பதினோராம் பக்கத்துல போட்டிருக்குது! கரண்ட் போயி ரெண்டு தடவ அடிச்சதெல்லாம் போச்சுங்க. மூணு லெட்டர் போட்டேன்... ஒரு பதிலு இல்ல."

அந்த மூன்று கடிதங்களும் அவன் மேஜை டிராயரில்தான் கிடந்தன. கல்லூரியில் ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போகும் என்ற நினைப்பே அவனுக்கு வந்ததில்லை.

"நடுவுல சேமிச்சா பக்கம் கொலஞ்சுருமுங்க. புஸ்தகத்துல இருக்கற மாதிரியே செஞ்சு பாருங்க" என்றான் வீம்பாக. தான் யாரென்று சொல்லவில்லை.

அந்த உறுதியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரையில் இருந்தது ஒரு கருமாதிப் பத்திரிகை. நாலு மணிக்கு ஜேடர்பாளையத்திலிருந்து ஆள் வருவார். 'மறுக்கா தவறிச்சுன்னா பழைய ஈய எழுத்துக்கே போயிரலாஞ் சாமி, நீ ஊட்டோட இருந்துக்க' என்று முதலாளி குமாரசாமி காலையில்தான் சொல்லியிருந்தார். சேமிக்காமலே அடித்துக்கொண்டு போனாள். கடைசி வரி...

கரண்ட் போனது.

இருண்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "போச்சுங்க... என்ற வேலையும் போச்சு."

அவன் மேஜைமேல் இருந்த புத்தகத்தைத் தொட்டான். "அத எழுதுன ஆளு நான்தானுங்க."

"தெரிஞ்சே சொன்னீங்களா?"

"வீம்புங்க... வேறென்ன சொல்றது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அரைமணி கழித்துக் கரண்ட் வந்தது. கையெழுத்துத் தாளை எடுத்து அவனே படித்தான், அவள் அடித்தாள். பாவாயி அம்மாள்... மகன்கள்... மருமகள்கள்... பேரன் பேத்திகள்... இறந்தவளின் குடும்பம் பெயர் பெயராகத் திரையில் ஏறியது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும், "சேமிச்சுருங்க" என்றான். பக்கம் குலையவே இல்லை. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அச்சாகி வந்தது. மழை நிற்கக் காத்திராமல் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வாசலில் யார் நிழல் விழுந்தாலும் வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். எதற்கென்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

தை மாதம் வந்தான். கையில் இரண்டாம் பதிப்பின் புரூப்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னால நீங்க பாக்கோணுங்க."

பதினோராம் பக்கத்தைத் திறந்தாள். 'பத்திக்கு ஒருமுறை சேமிக்கவும். கரண்ட் எந்நேரமும் போகும். திருத்தியவர்: நாமக்கல் வசந்தாமணி.' எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கடைசிப் பக்கத்தில், 'திருத்தங்கள் அனுப்ப வேண்டிய முகவரி' என்ற வரிக்குக் கீழே வெறுமையாக இருந்தது.

"இத ஏனுங்க உட்டுப்போட்டீங்க?"

"உங்க பேரையும் சேத்துப் போடலாமுன்னு... அந்த மூணு லெட்டரையும் தெனமும் எடுத்துப் படிக்கறேங்க. உங்களப் பாக்காம இருக்க முடியல. நீங்க வேண்டாமுன்னா என்ற பேரு மட்டும் போட்டுக்கறேன்."

அவள் பென்சிலை எடுத்தாள். எழுதாமலே வைத்தாள்.

"ரெண்டு பேரு போட்டு, ரெண்டு முகவரி போட்டா, லெட்டர் போடறவங்க கொழம்பிப்போவாங்க."

அவன் முகம் வாடியது.

"ஒரே முகவரியாப் போடுங்க" என்றாள் தலை குனிந்து. "அதுக்கு முந்தி எங்க ஊட்டுக்கு வந்து கேளுங்க."