டி.வி. இருந்த சுவர்

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

மகள் தண்ணீர்க் குவளையை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே வைத்திருந்தாள். புருவங்களுக்கு நடுவே சின்னச் சுருக்கம். கருவிழி ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கண்ணும் அதே நொடியில் இடப்பக்கம் போயிற்று. பிறகு இருவரும் ஒன்றுமே நடக்காததுபோல் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் இதையெல்லாம் கவனித்திருக்க மாட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோ பிழைப்பே இதுதான். காது பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருஷமாக வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெளிச் சத்தம் புகாத சின்ன அறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆள் உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கத்திலிருந்து அவள் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டும் வீம்புக்கு அழுத்தாதவர்கள் உண்டு. கேட்காமலேயே கௌரவத்துக்கு அழுத்துகிறவர்கள் அதைவிட அதிகம். அதனால் அவள் பொத்தானை நம்புவதில்லை, முகத்தைத்தான் பார்ப்பாள். காதில் ஒலி விழுந்த முகம் எப்படி மாறும் என்று அவளுக்கு அத்துப்படி.

இரண்டு பேர் முகமும் அப்படித்தான் மாறியது. ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"என்ன சத்தம் அது?" என்றாள்.

"எங்க?" என்றார் கணவர்.

"இப்ப ரெண்டு பேருக்கும் கேட்டுச்சே."

"வீட்டுக்கு வந்தும் உனக்கு அதே வேலைதானா? வாலு, உங்கம்மா சீக்கிரமே நம்மளையும் கண்ணாடிக் கூண்டுல உட்கார வைக்கப் போறா பாரு."

வாலு சிரித்தாள். பன்னிரண்டு வயது, மூக்குக் கண்ணாடி போட்டவள். பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

வீட்டில் டி.வி. போய் நாலு மாதம் ஆகியிருந்தது. யோசனை கணவருடையது. பள்ளி வேன் ஓட்டுகிறவர், அஞ்சு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். வாலுவின் மதிப்பெண் சரிந்த மாதம், ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாம மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தே ரொம்ப நாள் ஆச்சு" என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. உண்மையில் அதிகம் இழந்தவள் அவள்தான். நாள் முழுக்கப் பிறருடைய காதோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழரை மணிக்கு வந்து, காலை நீட்டிக்கொண்டு தொடர் பார்க்கும் ஒரு மணி நேரம்தான் அவளுடைய சொந்தச் சொத்து. அதையும் விட்டுக்கொடுத்தாள். டி.வி.யைத் தூக்கிக் கொடுத்தார்கள். மாதக் கட்டணம் கட்டிப் படம் பார்க்கும் செயலிகளையெல்லாம் மூன்று கைபேசிகளிலிருந்தும் அழித்தார்கள். தன்னுடையதை மகள் கண் முன்னாலேயே அழித்தாள், பிள்ளைக்கு நம்பிக்கை வரட்டும் என்று.

கூடத்துச் சுவரில் டி.வி. மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்த செவ்வகமாக நின்றது. மூலைக்கொன்றாக நாலு திருகாணித் துளைகள். வேறொரு படம் மாட்டிவிடலாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் இருவரும் சேர்ந்து, "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்கள்.

முதலில் அந்த அமைதி நன்றாகத்தான் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடுவதும், குழாயின் சொட்டும், மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுப்பதும், படிக்கட்டில் யாரோ சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு இறங்குவதும், இவ்வளவு நாள் இவையெல்லாம் எங்கே இருந்தன என்று வியக்கும்படி ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆனால் இரண்டாம் மாதத்திலிருந்து, அவள் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், கூடத்தில் ஒரு வாசனை இருந்தது. வெகுநேரம் ஓடிய டி.வி. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வருமே, சூடேறிய தூசியின் வாசனை, அது. ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அந்த வெளுத்த செவ்வகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயில் படாத சுவர். அது காய்ச்சல் கண்ட நெற்றியைப்போல் சுட்டது.

சரிதான், எங்கேயோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அப்படி நினைத்த பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. அப்பனும் பெண்ணும் வேறு வேறு அறையில் இருந்துகொண்டு ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். அவள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றது. கண்ணும் கண்ணும் பேசிக்கொண்டன. காதுக்காரிக்கே காது குத்துகிறார்கள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினாள். அலமாரி, பரண், கட்டிலடி, வாலுவின் புத்தகப்பை, கணவரின் வேனில் இருக்கைக்கு அடியில்கூட. அகப்பட்டது பழைய சாக்ஸ் ஒன்றுதான். பெற்ற பெண்ணின் பையைத் திருட்டுத்தனமாகத் துழாவிவிட்டு, அதைப் பழையபடி அடுக்கி வைக்கும்போது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. துரோகம் என்பது பெரிய வார்த்தைதான். ஆனாலும் அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. பெட்டி பார்ப்பது ஒரு குற்றமில்லை. தன்னை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் இருவரும் ஒரு குடும்பமாகிவிட்டார்களே, அதுதான் பொறுக்கவில்லை. இந்த இரண்டு பேரைத் தவிர அவளுக்கு வேறு யாரும் கிடையாது.

மூன்றாம் மாதம் முடியும்போது இன்னொன்று சேர்ந்துகொண்டது. அவர்கள் அவளிடம் ரொம்பவும் அன்பாக நடக்க ஆரம்பித்தார்கள். வாலு காலையில் தானே தலை பின்னக் கற்றுக்கொண்டாள். காரணமே இல்லாமல் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு விடாமல் நின்றாள். கணவர், வங்கிப் பாஸ்புத்தகம் எங்கே, வீட்டுப் பத்திரம் எந்த உறையில் இருக்கிறது, வாலுவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் கேட்டு, பழைய நாட்குறிப்பு ஒன்றில் எழுதிக்கொண்டார்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாதான். எல்லாத்தையும் நீ ஒருத்தியே தலையில தூக்கிச் சுமக்கணுமா?"

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பரிசோதனைக் கருவி மக்கர் செய்தது. டாக்டர் எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு அவள் போன் பண்ணவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனாள். பிடித்தபின் கத்துவதா, அழுவதா, இல்லை, "நகருங்க, நானும் பார்க்கறேன்" என்று நடுவில் போய் உட்கார்ந்துவிடுவதா என்று பேருந்தில் யோசித்தாள். மூன்றாவதுதான் பிடித்திருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஆறேமுக்காலுக்குச் சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கூடத்தில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். அந்தச் சூட்டு வாசனை தொண்டையில் இறங்கியது.

இருவரும் சோபாவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒன்றும் இல்லை. காதில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் ஒன்றும் இல்லை. வெளுத்த செவ்வகம், நாலு துளை. ஆனால் அவர்கள் முகத்தில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நீலம். பிறகு வெள்ளை. பிறகு யாரோ குறுக்கே நடந்ததுபோல் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு நிழல் ஓடி மறைந்தது. அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். வெறும் சுண்ணாம்பு.

"என்ன பண்றீங்க?"

வாலு திரும்பினாள். திடுக்கிடவில்லை. "வந்துட்டியாம்மா" என்றாள், எதிர்பார்த்தவள்போல். "இப்பத்தான் சாவியை எடுத்த."

அவள் செருப்போடு உள்ளே வந்தாள். "எத்தனை நாளா நடக்குது இது?"

"டி.வி.யைக் கழட்டின அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து" என்றார் கணவர். சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நம்ம வீட்டு ரூல்தானேம்மா" என்றாள் வாலு. "பார்க்காதவங்ககிட்ட கதை சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன."

அவள் போட்ட சட்டம்தான் அது. எப்போதும் கடைசியாக வீட்டுக்கு வருகிறவள் அவள். இவர்கள் முன்னாலேயே பார்த்துவிட்டுக் கதையை உளறிவிடுவார்கள் என்று, உளறுகிறவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று தண்டனையும் வைத்திருந்தாள். ஒரு தொடரின் முடிவைச் சொல்லிவிட்டதற்காக இரண்டு நாள் இருவரிடமும் பேசாமல்கூட இருந்திருக்கிறாள்.

"யாரு வர்றாங்க அதுல?"

வாலு அப்பாவைப் பார்த்தாள்.

"நீதான்மா. தினம் நீதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருப்ப. பஸ்ல தூங்கி விழுவ. படியில மூச்சு வாங்கும் உனக்கு. ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆரம்பத்துல சிரிப்பா இருக்கும்."

"இப்போ?"

"வாலு, போதும்" என்றார் கணவர்.

கூடம் அவளுக்கு மெல்லச் சுற்றியது. பாஸ்புத்தகம், பத்திரம், மருந்துப் பட்டியல், தானே பின்னிக்கொண்ட சடை.

"முடிவு தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?"

"போன மாசம் முன்னோட்டம் போட்டுச்சு" என்றார் அவர். "ஒரு நிமிஷம்தான் வந்துச்சு. இன்னிக்குத்தான் முழுசும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் வேலைக்குப் போகாம இருந்திருப்பேன். வேற ஊருக்குப் போயிருப்பேன். பதினஞ்சு வருஷமா உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன், ஒரே ஒரு வார்த்தை!"

அவர் முதல்முறையாகத் தலை குனிந்தார். "சொல்லணும்னுதான் நினைச்சேன். தினமும் நினைச்சேன். சொன்னா நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு."

"எது?"

கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

அடி வாங்கியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. மனிதர் அழுதுகொண்டிருந்தார். நிஜமான கண்ணீர். ஆனால் தலை தானாக நிமிர்ந்து, கண் மறுபடி சுவருக்குப் போய்விட்டது.

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரு. வா, போகலாம். அவர் உட்கார்ந்து பார்க்கட்டும். நாம போகலாம்."

வாலு கையை உருவிக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாக.

"முடியட்டும்மா."

அவள் வேறென்ன செய்வாள்? நேராகப் போய்ச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள். முதுகு செவ்வகத்தின் மேல் படவில்லை, ஆனால் அதன் சூடு சட்டைக்குள் இறங்கியது. "என்னைப் பாருங்க" என்றாள். "இங்க நிக்கறேன். நிஜமா நிக்கறேன். என்னைப் பாருங்க!"

கணவர் வலப்பக்கம் சாய்ந்தார். வாலு இடப்பக்கம் சாய்ந்தாள். அவளைத் தாண்டி, அவள் பின்னால் ஓடுவதைப் பார்ப்பதற்காக.

வெளிச்சம் அவர்கள் முகத்தில் மாறிக்கொண்டே இருந்தது. வாலுவின் மூக்குக் கண்ணாடியில் அது இரண்டு சின்னச் செவ்வகங்களாகத் தெரிந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முதல்முறையாக அவளுக்கும் தெரிந்தது.

ஒரு கூடம். சோபா. அதில் இரண்டு பேர். அவர்கள் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்.

இவளுடைய சட்டை. இவளுடைய கொண்டை.

சுவரிலிருந்து எடுத்த படம்.

எடுப்பது யார்?

படம் நகர்ந்தது. மெல்ல. முன்னோக்கி. தோள்கள் பெரிதாயின. கொண்டை பெரிதாயிற்று. அடியில் கழுத்து. கழுத்தில் ஒட்டியிருந்த நரைமுடி ஒன்று.

இப்போது கேட்டது. பதினான்கு வருஷத்தில் அவள் யாருக்கும் அனுப்பாத அளவுக்குச் சன்னமாக. காதுக்குப் பின்னால்.

மூச்சு.

திரும்ப முடியவில்லை. கத்த முடியவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

அவர் கையை நீட்டி, பிள்ளை பயந்துவிடக்கூடாதே என்று, வாலுவின் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார்.

வாலு அந்த விரல்களில் இரண்டை மெல்லப் பிரித்து, இடுக்கு வழியாகப் பார்த்தாள்.