நூலால் அளந்த நிழல்

அவள் காலடி வைத்ததும் சில்வண்டுகள் ஓய்ந்தன.

ஸ்தமாத்தியா நின்றாள். ஆலிவ் தோப்பெங்கும் காலையிலிருந்து காது கிழியக் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள், பாழடைந்த பழங்கோயிலின் முதற்படியை அவள் மிதித்த அக்கணமே வாயடைத்துப் போயின. வெந்த பளிங்கின் நெடியும், கருகிய புல்லின் வாடையும், மூடிக்கிடந்த அறையைத் திறந்தாற்போல முகத்தில் மோதின.

திரும்பிவிடலாம். திரும்பி எங்கே போவாள்? மருத்துவர் கையை விரித்தார். பாதிரியார் நெற்றியில் எண்ணெய் பூசி வானத்தைக் காட்டினார். வீட்டிலே, எட்டு வயது மகள் அர்யீரோ காய்ச்சலில் எரிகிறாள். எல்லாரும் கைவிட்டவளுக்குக் கடைசியாக மிஞ்சிய கடவுளோ, கூரையையும் இழந்து பெயரையும் இழந்தவர்!

வழி சொன்னவள் கொத்தனார் மனைவி கல்லிரோயி.

"புள்ளையோட உயரத்தை நூலால அளந்து, உச்சி வெயில்ல அங்க தூணுக்கடியில புதைச்சிட்டு வாடி. நோய் அங்கேயே தங்கிடும். உன் மாமியாகிட்ட மூச்சு விடாதே, ஊர் பூரா மணியடிச்சிட்டு வருவா."

முறிந்து கிடந்த தூணின் அடியில், ஈரம் கசிந்த பிளவுக்குள், அளந்து கொண்டுவந்த நூலைத் திணித்தாள்.

பிளவுக்குள்ளே யாரோ இருமினார்கள். வறண்ட, சிறுபிள்ளை இருமல்.

அப்போதுதான் உறைத்தது. நூல் பட்டாலே உடம்பு வலிக்கிறதென்று காலையில் குழந்தை அழுதாள். அதனால் வெள்ளைச் சுவரருகே நிறுத்தி, அதில் விழுந்த குழந்தையின் நிழலை அல்லவா ஸ்தமாத்தியா அளந்தாள்!

கட்டடம் நிலைக்க வேண்டுமானால் ஒருவர் நிழலை அளந்து அடித்தளத்தில் இடுவார்கள். ஆண்டு திரும்புவதற்குள் அந்த ஆள் போய்ச் சேர்வான், சுவர் நிற்கும். இதை அறியாதவர் அந்த ஊரில் உண்டா? கொத்தனார்கள் வேலை செய்யும் தெருவில், நிழலை அளந்துவிடுவார்களென்று அஞ்சி, இரட்டைச் சடை மகளின் கையைப் பற்றிக்கொண்டு ஓடியவள் அவளே.

விரல்களைப் பிளவுக்குள் விட்டாள். நூல் அகப்பட்டது. இழுத்தாள்.

உள்ளிருந்தும் இழுத்தார்கள்.

"அர்யீரோ... விட்டுடு கண்ணு. அம்மாகிட்ட குடுத்துடு."

நகம் பிய்ந்தது. இரத்தம். நூல் வழுக்கியது. அறுந்தது.

கையில் ஒரு விரலளவு மிச்சம்.

நிமிர்ந்தாள். முறிந்த தூண் முழுதாக நின்றது. உச்சி வெயிலில் வேறெந்தக் கல்லுக்கும் நிழலில்லை. அந்தத் தூணின் அடியிலிருந்து மட்டும் ஒரு நிழல், இரட்டைச் சடையோடு, தரையில் நீண்டு கிடந்தது.

தூக்கிக்கொள்ளச் சொல்லி, இரு கைகளையும் உயர்த்தியது.