கிணற்றுக்கு மருந்து போட்டது யார்?

நாற்பத்திரண்டு ரூபாய் எட்டணா!

மாட்டுங்கா கான்ட்ராக்டர் பஞ்சாபகேசனுக்குச் சண்முகவடிவு தரவேண்டிய பாக்கி அது.

அதைக் கேட்டுக்கொண்டு அவன் மான்குர்த்துக்கு வந்து நின்றபோது...

அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பிணத்தைத் தூக்கி வெளியே போட்டிருந்தார்கள்!

செத்தவன் பூதத்தான். தாராவிக்காரன். பஞ்சாபகேசனோடு வந்து கிணறு இறங்கித் தூர் வாரியவன்.

உச்சந்தலை பிளந்திருந்தது. தலையிலும் முதுகிலும் கரும்பழுப்பாகக் கறை.

கிணற்றுத் தண்ணீர் செக்கச்செவேலென்று கிடந்தது. லால் தவா! கிணற்றைச் சுத்தம் பண்ணப் போடுகிற சிவப்பு மருந்து.

கையில் விலங்கோடு நின்றிருந்தான் பிரம்மநாயகம். சண்முகவடிவின் புருஷன். தோல் ஷாப்பில் உடம்பை முறித்துச் சம்பாதிக்கிறவன். வேலை இழுத்தடிக்கிறதென்று முந்தின நாள் பூதத்தானிடம் கத்தியிருந்தான்.

'நாளைக்கு முடிக்கல... ஒன்னய இதே கெணத்துல முக்கிருவேன்!'

அந்தக் கிணற்றில் இறைக்கிற ஐந்து வீடும் கேட்டது. விடிந்ததும் பிணத்தை முதலில் பார்த்தவனும் அவனே. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

"வழிய விடும்மா!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் முகம்மது ஹனீப். மேலப்பாளையத்துக் குடும்பம், தாராவியில் வளர்ந்தவர்.

சண்முகவடிவு போலீஸ் லாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"விட மாட்டேன்!"

"என்னது?"

"கோவத்துல சொன்ன சொல்லுக்கெல்லாம் வெலங்கு போடணும்னா, தாராவியில ஒருத்தன் கையும் சும்மா இருக்காதுய்யா! மொதல்ல என் மேல ஏத்துங்க. பொறவு அவுகள ஏத்துங்க!"

ஹனீப் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஞ்சாபகேசன் உள்ளே வந்தான். கறுப்புக் கோட்டு. கோட்டில் பளபளவென்று பித்தளை பில்லை. கிணறு சுத்தம் பண்ணுகிற லைசென்ஸ்காரன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

மழைக்காலம் முழுக்க இந்த ஐந்து வீட்டிலும் வயிற்றுப்போக்கு. இரண்டு குழந்தைகள் போய்ச் சேர்ந்தன. போலி ஆசாமி வேண்டாம், லைசென்ஸ்காரரையே கூப்பிடுவோமென்று மாட்டுங்காவில் போய்த் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவள் சண்முகவடிவு. ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்... லைசென்ஸ்காரர் தன் கையால் வேலை செய்ய வேண்டும்! அப்போதுதான் பாக்கி!

"அடடா... பூதத்தானா!" பஞ்சாபகேசன் மூக்கைப் பொத்திக்கொண்டான். "பாவம். நேத்து சாயங்காலம் இவனைத் தாராவியில விட்டுட்டுப் போனவன்தான் நான். இந்தப் பக்கமே வரலை. காலம்பற கிங்ஸ் சர்க்கிள்ல காபி குடிச்சுண்டிருந்தேன்."

"இப்ப எதுக்கு வந்தீரு?" என்றார் ஹனீப்.

"பாக்கி இருக்கு சார். நீங்க வீட்டைப் பூட்டி சீல் வெச்சுட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

சண்முகவடிவு எழுந்தாள்.

பிணத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். மண்டைக்குள் எதுவோ சுருக்கென்றது!

"பாக்கி கெடையாது."

"என்ன சொன்னே?"

"சல்லிக்காசு கெடையாதுன்னேன். நேத்து விளக்கு வைக்கிற நேரம் ஒரு வாளி எறச்சேன். தண்ணி வெள்ளையா வந்துச்சு. நீரு மருந்தே போடல!"

"போடலையா! எட்டிப் பாரு, எப்படிச் செவந்து கெடக்குன்னு!"

"அது பூதத்தான் போட்டிருப்பான்."

"அவனா? அவன் கூலிக்காரன்!"

"கூலிக்காரன் போட்டா எனக்குச் செல்லாது. லைசென்ஸ்காரர் கையாலன்னுதான பேச்சு? கெளம்பும் வே!"

"ஏய்! மரியாதையாப் பேசு!"

"ஏமாத்துக்காரனுக்கு என்ன மரியாதை? கோட்ட மாட்டிக்கிட்டு ஊர ஏமாத்துத ஒமக்கு நாப்பத்திரெண்டு ரூவா கேக்குதோ? மாட்டுங்கா பூரா சொல்லுவேன்! இந்த ஆளு கையில மருந்து டப்பாவே தொட்டதில்லன்னு சொல்லுவேன்!"

"நான்தான் போட்டேன்!" பஞ்சாபகேசன் முகம் சிவந்து கத்தினான். "இந்தக் கையால! விடியறதுக்கு முன்னாடி வந்து நானே கரைச்சு நானே கொட்டினேன்! எடு பணத்தை!"

சண்முகவடிவு மெதுவாக ஹனீப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீயளாய்யா? காபி குடிச்சவரு கெணத்துக்கு வந்திருக்காரு!"

ஹனீப் பிணத்தின் அருகில் குனிந்தார். கறையை விரலால் தேய்த்தார். ரத்தமில்லை, மருந்து. போகவில்லை.

"கெணத்துக்குள்ள ஆள் இருக்கும்போது மேலேருந்து கொட்டியிருக்கீரு. ஆள் வெளிய ஏறுன பொறவுதான மருந்து? ஏன் வே அவசரம்? ரத்தம் மெதக்குறது தெரியக் கூடாதுன்னா?"

"நான்... அவனைப் பாக்கலை சார்... இருட்டு..."

வாசலில் ஒரு அலறல்!

தாராவியிலிருந்து ஹவல்தார் கூட்டிவந்த முருகம்மாள். பூதத்தானின் மனைவி. பிணத்தின் மேல் விழுந்து புரண்டவள், தலையை நிமிர்த்தினாள். கண் கோட்டில் குத்திட்டு நின்றது.

"ஏ! அது எம் புருசன் பில்லை!"

"எது?" ஹனீப் அதிர்ந்தார்.

"அந்தப் பித்தளை பில்லைய்யா! லைசென்ஸ் வாங்குனது எங்க வீட்டுக்காரவுக! கோமணத்தோட போய் நின்னா எந்த வீட்லயும் உள்ள விட மாட்டாக... நான் கோட்டுப் போட்டுக்கிட்டு முன்னால நிக்கேன், நீ உள்ள எறங்குன்னு இந்தாளுதான் வாங்கி மாட்டிக்கிட்டான்! இன்னைக்கு இருட்டோட வேலைக்குப் போறப்ப பில்லையத் திருப்பிக் கேக்கப் போறேன்னுட்டுத்தான் வந்தாவ!"

பஞ்சாபகேசன் இரண்டடி பின்னால் வைத்தான். பின்னால் ஹவல்தார்.

"பில்லையில நம்பர் இருக்கு" என்றார் ஹனீப். "லைசென்ஸ் ஆபீஸ்ல கேட்டா பேரு வந்துரும். நீரே சொல்லிருதீரா?"

அவன் பில்லையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அதைக் குடுத்துட்டு... மாட்டுங்காவில நான் எந்த மூஞ்சியோட நடக்கறது? மேலேருந்து வாளியைத்தான் போட்டேன்... இரும்பு வாளி..."

விலங்கு கை மாறியது.

பிரம்மநாயகம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு பூதத்தானின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

சண்முகவடிவுக்கு முகம் எரிந்தது. கோட்டுக்காரனுக்கு நாற்காலி போட்டு டம்ளரில் டீ. லைசென்ஸ்காரனுக்குக் கிணற்றடியில் கஞ்சித் தண்ணீர். இரண்டையும் கொடுத்தது இந்தக் கைதான்!

முந்தி முடிச்சை அவிழ்த்தாள். முருகம்மாளின் கையில் பணத்தை வைத்து மூடினாள்.

"நாப்பத்திரெண்டு ரூவா எட்டணா, தாயி. லைசென்ஸ்காரர் கையால வேலை நடந்தாத்தான் பாக்கின்னு பேசுனேன். நடந்துருச்சு. இது ஒனக்குச் சேர வேண்டியது."

பாக்கி தீர்ந்தது.

லாரிக்குள்ளிருந்து பஞ்சாபகேசன் கத்தினான்.

"அநியாயம் சார்! மருந்துக்கு நான் கைக்காசு போட்டிருக்கேன்! ஜெயில்ல நான் செலவுக்கு என்ன பண்ணுவேன்?"

சண்முகவடிவு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"செலவா? சோறு சர்க்காரு, துணி சர்க்காரு... அங்க குழாய்த் தண்ணி வேற வருதாம் வே! எங்களுக்குத்தான் இன்னும் கெணறு!"